உப்பு ஊற்றுகிற வேலை

காலையில் என் முதல் வேலை நெல்லுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவது. அதற்குத்தான் சம்பளம். ஊரில், மன்னாரில் இருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். கனடாவில் பனி அள்ளுகிற நம் ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். வெளியூரில் எதற்கு வேண்டுமானாலும் சம்பளம் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு விதைக் கம்பெனி. இரும்பு உருக்குகிற ஆலைகளின் புகைக்குக் கீழே வலை போட்ட பெரிய கூண்டு. நெட் ஹவுஸ் என்கிறார்கள். உள்ளே வரிசையாகத் தொட்டிகளில் நெல். நான் அகதி முகாமிலிருந்து சைக்கிளில் வருகிறேன். முகாம் ஆண்களில் பாதிப் பேர் பெயின்ட் அடிப்பவர்கள். நானும் அடித்தேன். சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போன பிறகு ஏற முடியவில்லை. நெல்லுக்கு ஏணி வேண்டாம் என்று இங்கே சேர்ந்தேன். முதல் நாள் வாசலில் செக்யூரிட்டி கேட்டார், சிலோனா, எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று. முப்பது வருசத்துக்கு மேலாக இதே கேள்வி. விருந்துக்கு வந்தவனைக் கேட்பது போல அன்பாகத்தான் கேட்கிறார்கள். சாயந்தரம் போவேன் என்றேன். முகாமைத்தான் சொன்னேன். அவர் கப்பலா, பிளேனா என்றார்.

எங்கள் ஊரில் வயலுக்கு அடுத்தது களப்பு, இங்கே காயல் என்பார்கள். கடல் பொங்கும் நாட்களில் உப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏறும். ஊர் ஆண்கள் எல்லாம் மண்வெட்டியோடு வரம்பில் நிற்பார்கள். ஒரு தடவை வரம்பு உடைந்தது. அந்த வருசம் எங்கள் வயலில் உவர் ஏறி, பயிர் நுனியிலிருந்து கருகியது. அப்பா அதைப் பார்க்கப் போகவே இல்லை. வேறு பாதையால் சுற்றிக் கடைக்குப் போனார். அடுத்த வருசம் உப்பைவிடப் பெரிய காரணங்கள் வந்தன. படகு ஏறினோம்.

அந்த அப்பாவின் மகன் இங்கே உப்பை எடை போட்டுக் கரைக்கிறான்.

ஏன் என்று டாக்டர் சொன்னார். விவேக் என்று பெயர், ஈரோட்டுப் பிள்ளை, ஊசி போடாத டாக்டர். செல்லுக்குள் டி.என்.ஏ. என்று முறுக்கின கயிறு இருக்கிறதாம். செடி செய்ய வேண்டியதெல்லாம் அதில் எழுதியிருக்கிறதாம். அதைப் பிடிக்க ஒரு புரோட்டீன். அது சங்கிலி மாதிரி நீளமானது, ஒரு பகுதி மட்டும் மடிந்து விரல் போல நிற்கும். மடிப்புக் குலையாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு துத்தநாக அணு. அதனால் ஜிங்க் ஃபிங்கர். விரல் கயிற்றின் பள்ளத்தில் நுழைந்து எழுத்துகளைத் தடவும். தன் இடம் வந்தால் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஜீன் வேலையைத் தொடங்கும், அல்லது நிறுத்தும். உப்பு ஏறும்போது எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதில் இந்த விரல்களுக்குப் பங்கு இருக்கிறது. ஒரு வரிசை நெல்லில் அந்தப் புரோட்டீன் அதிகம் வருகிற மாதிரி செய்திருக்கிறார்கள். அது தாங்கும் என்றார். எங்கள் முகாம் கூரைத் தகரத்திலும் துத்தநாகம்தான் பூசியிருக்கிறது. வெயிலை அப்படியே உள்ளே விடுகிறது. அதைச் சொல்லவில்லை. படித்தவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது.

என்னோடு வேலை செய்கிறவள் தேசம்மா. பெரியபாளையம் பக்கம். சொந்தமாகக் கொஞ்சம் கழனி உண்டு. மாலையில் நெட் ஹவுஸைக் கூட்டிப் பூட்டுவது அவள் பொறுப்பு. அவளுக்கு இந்த விரல் கதை பிடித்துப்போயிற்று.

"வெரலு வெச்ச நெல்லா சார்? அப்போ நாத்த அதுவே பிடுங்கி அதுவே நட்டுக்குமா?"

டாக்டர் சிரித்தார். அவள் விடவில்லை. தங்கள் கழனிக்கும் ஜிங்க் சல்பேட் போடுவதாகவும், இத்தனை வருசத்தில் ஒரு விரல்கூட முளைக்கவில்லை என்றும் சொன்னாள். அது சாப்பாடு, இது பிறவிக் குணம் என்றார் டாக்டர். பிறகு ஒரு தவறு செய்தார். படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. சிவப்பு அட்டை கட்டின வரிசையைக் காட்டி, "இது சாதா நெல், செத்துடும். பச்சை அட்டை பொழைச்சுக்கும்" என்றார். நெல் விளைவிக்கிறவளிடம் போய்ச் சொன்னார்.

நான் இரண்டு வரிசைக்கும் ஒரே மாதிரி உப்பு ஊற்றினேன். பச்சை நின்றது. சிவப்பும் நின்றது. சொல்லப்போனால் சிவப்பு உயரமாக நின்றது. டாக்டர் முகம் சுருங்கியது. தலைமை ஆபீசிலிருந்து பேசினார்கள். விரலால் பயனில்லை என்றால் இந்த மாதத்தோடு நெட் ஹவுஸை மூடிவிடலாம் என்றார்களாம். அவருக்கு வேறு ஊரில் வேறு செடி கிடைக்கும். எனக்கும் தேசம்மாவுக்கும் வேறு இடம் கிடையாது. முழங்கால் போன பெயின்டரை எந்த மேஸ்திரி கூப்பிடுவான்? அவள் புருசன் படுத்த படுக்கை. கழனியில் வருவது சாப்பாட்டுக்கே சரி.

அன்று தரையைப் பார்த்தேன். சிவப்பு வரிசைக்குக் கீழே மட்டும் பாசி. நான் போனபிறகு அங்கே மட்டும் தண்ணீர் வழிந்திருக்கிறது. தேசம்மாவைக் கேட்டேன்.

"அக்கா, இதுக்கு நீங்கள் தண்ணி ஊத்தினனீங்களோ?"

"தண்ணியா? கழனித்தண்ணி."

கேன்டீனில் அரிசி கழுவின தண்ணீர். அவர்கள் வீட்டில் அதைச் சாக்கடையில் கொட்ட மாட்டார்கள். மாட்டுக்கு வைப்பார்கள், மாடு இல்லாவிட்டால் வாடுகிற செடிக்கு ஊற்றுவார்கள். தினமும் மாலையில் பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுவந்து சிவப்பு வரிசைக்கு ஊற்றியிருக்கிறாள். உப்பெல்லாம் கழுவிக்கொண்டு அடியில் போய்விட்டது. அரிசி கழுவின தண்ணீரைக் குடித்து நெல் செழித்திருக்கிறது.

"சாவப்போவுதுன்னு சீட்டு கட்டி வெச்சிகினு கீறாரு. பாத்துக்கினு எப்படிப்பா ஊட்டுக்குப் போறது? சோறு எறங்குமா?"

"பச்சைக்கு ஏன் ஊத்தேல்லை?"

"அதுக்குத்தான் வெரலு கீதே. அது பொழச்சுக்கும்."

சொல்லாவிட்டால் மூடுவார்கள், சொன்னால் உங்களைப் போகச் சொன்னாலும் சொல்வார்கள் என்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். நேரே டாக்டரின் ரூமுக்குப் போனாள். கதவுக்கு வெளியே நான் நின்றேன்.

"சார், உன் வெரலு மேல தப்பில்ல. என் கை மேலதான் தப்பு."

உள்ளே டாக்டர் சிரிக்கிற சத்தம். அழுகை கலந்த சிரிப்பு. யாரையும் அனுப்பவில்லை. யாருக்கு ஊற்றுகிறோம் என்று ஊற்றுகிறவருக்குத் தெரியக் கூடாது என்பது பாடத்திலேயே இருக்கிறதாம், மறந்துவிட்டாராம். தலைமை ஆபீசிடம் இன்னொரு தடவை வாய்ப்புக் கேட்டு வாங்கினார். இந்தத் தடவை அட்டையில் நம்பர் மட்டும். தொட்டிகளைக் கலந்து வைத்தார். எது சாகும் என்று தெரியாததால் தேசம்மா எதற்கும் ஊற்றவில்லை. சாதா நெல் நுனியிலிருந்து கருகியது. அதைச் சுற்றி வேறு பக்கமாகப் போய் மற்றத் தொட்டிகளுக்கு ஊற்றினேன். அப்பா நினைவு வந்தது, வேறொன்றுமில்லை.

விரல் நெல் நின்றது. பச்சையாகத்தான் நின்றது. ஆனால் பாதி உயரம். கதிர் தாமதம். டாக்டர் லட்டு கொடுத்தார், படம் எடுத்தார். ஏன் குட்டையாக இருக்கிறது என்று கேட்டேன். உப்பு வந்தால் அந்த விரல் வளர்ச்சி ஜீன்கள் சிலதை மூடிவிடுகிறது, வளராமல் இருந்துதான் உயிரைப் பிடித்துக்கொள்கிறது என்றார். இதற்குப் பெயர் ஸ்ட்ரெஸ் டாலரன்ஸ். எங்கள் முகாமில் பத்துக்குப் பத்து அறையில் முப்பது வருசமாக இதைத்தான் செய்கிறோம். யாரும் வந்து லட்டு கொடுக்கவில்லை.

விதை எடுத்த பிறகு விரல் நெல்லையும், கலந்து நின்ற சாதா நெல்லையும் எரித்தோம். விரல் நெல் கூண்டுக்கு வெளியே எந்த மண்ணுக்கும் போகக் கூடாது என்பது விதி. தாங்கினதும் எரிந்தது, தாங்காததும் எரிந்தது. சாம்பலில் பேதம் தெரியவில்லை. நெட் ஹவுஸ் மூடவில்லை. அடுத்த பருவத்துக்கு உப்பு மூட்டை வந்து இறங்கியது. எங்களுக்கு வேலை இருக்கிறது.

அந்தப் பருவத்துக்கு விட்ட சாதா நாற்றில், உப்பே ஊற்றாதது கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது வெளியே போகலாம். டாக்டரைக் கேட்டு, தேசம்மா எனக்கு ஒரு பிடி கொடுத்தாள். முகாமில் காலி பெயின்ட் வாளிக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் மண் போட்டு வாசலில் நட்டேன். முகாம் போர்வெல் தண்ணீரிலும் உப்பு உண்டு. அதனால் மனைவி அரிசி கழுவின தண்ணீரை எடுத்துவைக்கிறாள். காலையில் உப்பு ஊற்றுகிற கையால் மாலையில் அதை ஊற்றுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேசம்மா மகளோடு கும்மிடிப்பூண்டி சந்தைக்கு வந்தவள் முகாமுக்கும் வந்தாள். வாளியைப் பார்த்தாள்.

"இன்னா சிலோனு, சுத்தி இம்மாம் மண்ணு கீது. கீழ வெச்சா வேரு எறங்குமில்ல?"

"வாளியில இருந்தா தூக்கிக்கொண்டு போகலாம்."

எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவள் செக்யூரிட்டி இல்லை. குனிந்து, பயிரை விலக்கி, வாளியின் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தாள். துருப்பிடித்திருந்தது. ஒரு பக்கம் அவள் கையோடு வந்துவிட்டது.