ஆளில்லாத என் நாற்காலி

எனக்கு ஹட் பேயில் ஹார்டுவேர் கடை. குடும்பம் போர்ட் பிளேரில், கராச்சர்மாவில் இருக்கிறது. என் இரண்டு பெண்களின் படிப்பு அங்கே, என் வியாபாரம் இங்கே, நடுவில் கடல். மாதத்துக்கு ஒரு முறை கப்பல் ஏறி வீட்டுக்குப் போவேன். நாலைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்புவேன். கடல் மோசமாகிக் கப்பல் ரத்தானால் கூட இரண்டு நாள் கிடைக்கும். அந்த இரண்டு நாளை நான் கேட்டு வாங்கியதில்லை, கிடைத்தபோது வேண்டாம் என்று சொன்னதுமில்லை.

வீட்டு ஹாலில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. படாக் மரத்தில் செய்த, கை வைத்த நாற்காலி. நான் இருக்கும்போது அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று சட்டமெல்லாம் போட்டதில்லை. உட்கார்ந்தால் முறைப்பேன், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அப்படி வீட்டுக்குப் போய், கப்பல் அலுப்புத் தீரக் குளித்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். பெண்கள் இருவரும் பாயில் குப்புறப் படுத்து டேப்லெட்டில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். பெரியவளுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு ஏழு. யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, கதகதப்பான அறையை வரைவது எப்படி என்று வீடியோவில் சொல்லித் தருகிறாராம். அதைப் பார்த்து எங்கள் ஹாலையே வரைகிறார்களாம். நான் போன முறை கப்பலேறிய பிறகு தொடங்கிய வேலை.

அந்தப் பெண்மணி சுவரோரம் நெருப்பு எரிய வேண்டும் என்றாராம். எங்கள் ஊரில் அதை மூட்டினால் குடும்பத்தோடு வெந்துபோவோம். இவர்கள் அந்த இடத்தில் டேபிள் ஃபேனை வரைந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்ட வேண்டும் என்றாராம். இவர்கள் மழையைக் கொட்டவிட்டு, தகரக் கூரை ஒழுகும் இடத்தில் நீல வாளியையும் வைத்திருந்தார்கள். வாளிக்குள் விழப்போகும் சொட்டு கூட இருந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. படத்தில், சோபாவில் என் மனைவி காலை மடக்கி உட்கார்ந்து போன் பார்க்கிறாள். பாயில் இரண்டு பெண்கள். டிவிக்கு மேலே பல்லி. சோபாவின் கைப்பிடியில் பக்கத்து வீட்டுப் பூனை, மீன் வாங்கும் நாளில் மட்டும் எங்களைச் சொந்தம் கொண்டாடுகிற பூனை. மூலையில் என் நாற்காலி, அச்சு அசலாக. ஃபேன் கூட அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தது. ஆனால் அதில் ஆளில்லை.

முதலில் நான் பதறவில்லை. இன்னும் வரையவில்லை போலிருக்கிறது, முக்கியமான ஆளைக் கடைசியில் வரைவார்கள் என்று நினைத்தேன். அப்போது பெரியவள் பூனைக்கு மீசை வரைய ஆரம்பித்தாள். ஒவ்வொரு முடியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. எனக்குச் சுருக்கென்றது.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளைகளிடம் போய் என்னையும் வரையுங்கள் என்று கெஞ்சுவதா? அதெல்லாம் தானாகத் தோன்ற வேண்டும். எனவே சுற்றி வளைத்தேன்.

"நாற்காலி காலியாக் கெடக்கே, பாக்க நல்லாவா இருக்கு?"

"அச்சாதான் இருக்கு அத்தா," என்றாள் பெரியவள், தலை நிமிராமல்.

"ஹால்னா ஒரு ஆம்பள இருந்தாத்தானம்மா களை?"

"பூனை ஆம்பளதான்," என்றாள் சின்னவள்.

அடுப்படியில் என் மனைவி சிரிப்பது கேட்டது. நான் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் வேறு வழியில் இறங்கினேன். நானும் வரைகிறேன் என்று பாயில் போய் உட்கார்ந்தேன். அதன்பின் நானே என்னை வரைந்துகொள்வது என்பது திட்டம். பெரியவள் பேனாவைத் தந்தாள், தருவதற்கு முன் பாடமும் எடுத்தாள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனிக் கண்ணாடித் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போலத்தான் இந்த டேப்லெட் ஓவியம். ஒரு தாளுக்கு லேயர் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும். அதைத் தொட்டால் கண் மூடி அந்தப் பொருள் மறையும், மறுபடி தொட்டால் தெரியும். தப்பாக வரைந்தாலும் பயமில்லை, இரண்டு விரலால் தட்டினால் போட்ட கோடு போய்விடும். தப்பாக அறுத்த பைப்புக்கும் இப்படி ஒரு வசதி இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

சோபாவுக்கு ஒரு திண்டு வரையச் சொன்னாள். பயபக்தியோடு வரைந்தேன்.

"லாத்தா, இது சிமெண்ட் மூட்டதானே?" என்று அக்காவைக் கேட்டாள் சின்னவள்.

பெரியவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். இதுதான் சமயம் என்று நாற்காலியில் ஒரு தலையைப் போட்டேன். தோள் போட்டேன். மீசையும் போட்டேன். சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு விரலால் தட்டினாள். மீசை போயிற்று. இன்னொரு தட்டில் தோள் போயிற்று. அடுத்த தட்டில் தலையும் போயிற்று.

"நாற்காலில கைய வெக்காதீங்க அத்தா. அது கதம். முடிஞ்சிருச்சு," என்றாள்.

முடிந்துவிட்டதாம்! அன்று மதியம் இரண்டாம் முறை சோறு வேண்டாம் என்று சொன்னேன். யாரும் வற்புறுத்தவில்லை. பசியோடு எழுந்ததுதான் மிச்சம்.

"நேராக் கேட்டாத்தான் என்னங்க?" என்றாள் மனைவி.

"என்னத்தக் கேக்க? ஹட் பேல கெடக்குற ஆளு படத்துல எதுக்கு?"

கோபம் போலத்தான் சொன்னேன், ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம். பிள்ளைகள் கண்ணில் படுவதைத்தானே வரைவார்கள்? நான் இல்லாமலே இந்த ஹால் நிறைந்துவிட்டதோ என்று பயந்தேன். அந்தப் படத்தில் எந்தக் குறையும் இல்லாமல் இருந்ததுதான் என்னை வதைத்தது.

நாலாம் நாள் காற்று அதிகம் என்று என் கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். சாயங்காலம் பெண்கள் டியூஷன் போயிருந்தார்கள். திண்டையாவது சரி செய்வோம் என்று டேப்லெட்டை எடுத்தேன். லேயர் வரிசையைத் திறந்தேன். பெரியவள் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி வைத்திருந்தாள். மழை, வாளி, ஃபேன், பல்லி, பூனை, பூனை மீசை, அம்மா. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். அடியில் ஒன்று இருந்தது. அத்தா.

அதன் கண் மூடியிருந்தது. பல்லிக்குக் கூடத் திறந்திருந்தது.

தொட்டேன். நாற்காலியில் நான் வந்து உட்கார்ந்தேன். கட்டம் போட்ட லுங்கி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, கையில் டீ கிளாஸ், ஒரு காலை மடித்துப் போட்டு நான் உட்காரும் அதே கோணல். தொப்பையில் மட்டும் எந்தச் சலுகையும் காட்டவில்லை. இவ்வளவு அருமையாக வரைந்துவிட்டு மூடி வைப்பார்களா? வரையாமலே விட்டிருந்தால் கூட மனம் ஆறியிருக்கும்.

பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே பிடித்துக்கொண்டேன்.

"வரஞ்சிட்டு ஏன் மறச்சு வெச்சீங்க? இவரு எப்பவும் வீட்ல இல்லாத ஆளுதானேன்னா?"

பெரியவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உல்டாவாச் சொல்றீங்க அத்தா. நீங்க ஹட் பேல இருக்கறப்போ ஆன்லதான் இருக்கும். ஃபேனக் கூட உங்க பக்கம் திருப்பி வெச்சோமே. இப்ப நீங்கதான் நாற்காலில உக்காந்திருக்கீங்களே. ரெண்டு அத்தா எதுக்கு?"

"அன்னிக்கு உங்க ஆட்டோ சத்தம் கேட்டதும் நாந்தான் ஆஃப் பண்ணேன்," என்றாள் சின்னவள், பெரிய காரியம் செய்தவளாக.

அழுகை வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். மழைச்சாரல் என்று முகத்தைத் துடைத்தேன். நான் நின்றது ஹாலின் நடுவில், கூரை ஒழுகாத இடத்தில்.

"தொப்ப கொஞ்சம் கூடுதலாப் போட்டுட்டீங்க," என்றேன்.

"அது சரியாத்தான் இருக்கு," என்றாள் மனைவி.

அன்று இரவு மூன்று முறை சோறு வாங்கினேன்.

இரண்டு நாளில் கடல் அடங்கியது. கப்பலுக்குக் கிளம்பும் காலையில் ஆட்டோ வந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினால், சின்னவள் டேப்லெட்டை மடியில் வைத்து, என் லேயரின் மூடிய கண்ணுக்கு மேலே விரலைத் தயாராகப் பிடித்திருந்தாள்.

"நான் இன்னும் போகலையே! போனப்புறம் அமுக்கும்மா."

"ஆட்டோ வந்துருச்சு அத்தா. சலோ, ஜல்தி."

பையோடு போய் என் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். அவள் விரலை இறக்காமல் பொறுமையாகக் காத்திருந்தாள். ஆட்டோக்காரர் இரண்டாம் முறை ஹாரன் அடித்தார். எழுந்து வாசலுக்கு வந்து, குனிந்து செருப்பை மாட்டினேன். உள்ளே சின்னவள் கத்துவது கேட்டது.

"லாத்தா, அத்தா வந்தாச்சு!"