மூன்றாம் ஓலை

கோயிலில் உனக்குப் பிடித்த பகுதி எது என்று யாராவது கேட்டால், பிரசங்கம் என்று சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வராது. எனக்குப் பிடித்தது அறிவிப்புதான். பிரசங்கத்துக்கு முன்னால் ஐயர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, மடித்த தாளை விரித்து, அந்த வாரத்துச் செய்திகளை வாசிப்பார். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் முதல் தடவை கேட்டால் முழிப்பார்கள்.

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தேன். கணவருக்குப் புதிய துறைமுகத்தில் வேலை, மில்லர்புரத்தில் வீடு. நான் சாத்தான்குளத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே எந்த வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். இங்கே ஒரு முகமும் தெரியாது. வாராவாரம் அறிவிப்பைக் கேட்டுத்தான் இந்த ஊரைப் பழகினேன். யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யார் மகன் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறான், யார் அம்மாவுக்குப் பாளையங்கோட்டையில் கண் ஆபரேஷன், பெண்கள் கூட்டம் இந்த வாரம் எந்த வீட்டில், போன வாரம் பின்பெஞ்சில் யாரோ விட்டுப்போன குடை இப்போது யாரிடம் இருக்கிறது, எல்லாம் அந்தத் தாளில் வரும்.

சில சமயம் பேர் சொல்லாமல் வாசிப்பார்கள். ஒரு சகோதரி தன் காரியம் கைகூடியதற்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறார், அவ்வளவுதான். எந்தச் சகோதரி? என்ன காரியம்? அம்மியில் தேங்காய் அரைக்கும்போதும் அதே யோசனைதான் எனக்கு. தாங்க முடியாமல் மாமியாரிடம் கேட்பேன். "இதுக்கெல்லாம் ஒரு கேள்வியா? போன மாசம் பூரா யாரு கண்ணு வீங்கி வந்தா, இன்னைக்கு யாரு புதுச் சேல கட்டியிருக்கா, ஏளா, பாக்கத் தெரியாதா உனக்கு?" என்பார். பார்க்கத் தெரிந்துகொண்டேன். சீக்கிரமே பாடகர் குழுவிலும் சேர்ந்தேன். என் குரல் அதற்குக் காரணமில்லை. பாடகர் பெஞ்சு முன்னால் குறுக்காகக் கிடக்கும். அங்கே உட்கார்ந்தால் மொத்தச் சபையையும் முகத்துக்கு முகம் பார்க்கலாம்.

அறிவிப்புகளிலேயே ருசியானது கல்யாண ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பதைத்தான் ஓலை என்போம். மூன்றும் வாசித்தால்தான் தாலி கட்ட முடியும். எங்கள் சபையில் இதில் ஒரு வழக்கமும் உண்டு. ஓலை வாசிக்கிற வாரங்களில் பெண் கோயிலுக்கு வரமாட்டாள், பெற்றவர்களும் அவளோடு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். தன் பேரைச் சபையில் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வெட்கக்கேடாம். எந்த மகராசன் ஏற்படுத்தினானோ, சாத்தான்குளத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஐயர் தாளை விரிக்கும் முன்பே, கல்யாண வயதில் இருக்கிற எந்தப் பெண்ணின் இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து நானும் மாமியாரும் கண்ணாலேயே பேசிக்கொள்வோம். காய்ச்சலில் படுத்த பெண்களுக்கெல்லாம் நாங்கள் மனதுக்குள் மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம்.

பாடகர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். முப்பதைத் தாண்டியவர், கல்யாணமாகாதவர். பூர்வீகம் நாசரேத். அப்பாவும் அவருமாகக் கோயில் தெருத் திருப்பத்தில் குடியிருந்தார்கள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆர்மோனியம் ஒரு சுற்று வாசித்து நிறுத்தியதும் அக்காதான் முதல் அடியை எடுப்பார், பிறகுதான் நாங்கள் சேருவோம், எங்களுக்குப் பிறகுதான் சபை சேரும். அவர் எடுக்காவிட்டால் யாருக்கும் ராகம் பிடிபடாது.

ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறியதில்லை. தொண்டை கட்டி, குரலே எழும்பாத நாளிலும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்தார். இது என்ன பக்தி என்று மாமியாரிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் கை நீட்டி விளக்கம் சொல்லுகிறவர் அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சில வருஷங்களுக்கு முன்னால் அக்காவுக்கு ஓலை வாசித்தார்களாம். முதல் ஓலை ஆனது, இரண்டாவது ஆனது, மூன்றாவது வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று ஐயருக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அக்கா ஒரு வாரமும் தவறுவதில்லை. வராவிட்டால் ஓலையோ என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், தாளில் பேர் இராது, பிறகு பழைய கதையைப் பேசுவார்கள். எனக்கு அந்த மாப்பிள்ளை வீட்டார் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் யாரென்றே தெரியாதது வேறு கூடுதல் எரிச்சல்.

நான் வந்து ஒரு வருஷத்துக்கு மேலான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. சபை முழுக்க அந்த இடத்தையே பார்த்தது. ஐயர் தாளை விரித்தார். அக்காவின் பேரை வாசித்தார். மாப்பிள்ளையின் பேரை வாசித்ததும் நான் பெஞ்சிலேயே நிமிர்ந்தேன். சாத்தான்குளத்து வாத்தியார், மனைவியை இழந்தவர், அங்கே நான் பிறந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர்.

அந்த இரண்டு வாரமும் சபையில் எனக்கு இருந்த மவுசு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. எல்லோரிடமும் சேதி கேட்டுத் திரிந்த என்னிடம் எல்லோரும் சேதி கேட்டு வந்தார்கள். கிணற்றடிக்கு வந்தார்கள், ஏரல் வாழைக்காய் வண்டிக்காரரை நிறுத்தி நான் பேரம் பேசும்போது கூட வந்து நின்றார்கள். பையன் எப்படி என்றார்கள். நாற்பது வயதுப் பையன். சாதுவான மனுஷர், நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் காது சிவந்துவிடும், வேறு குறை கிடையாது என்று சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒவ்வொருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். மூணாவது ஓலையும் ஆகட்டும், பாப்போம். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள்.

இரண்டாவது ஓலையும் ஆனது. கல்யாணம் அடுத்து வரும் வியாழக்கிழமை, சாத்தான்குளத்தில். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஐயர் ஊரில் இல்லை. ஒரே ஐயரின் பொறுப்பில் இருக்கிற சபைகளைச் சேர்த்துச் சேகரம் என்போம், அதில் வேறொரு கிராமத்துச் சபையில் அசனம். சபையார் எல்லோரும் அரிசியும் ஆடும் கொடுத்து, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிற விருந்து அது. ஐயர் முந்தின நாளே போய்விட்டார். எங்களுக்கு, ஐயருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார்தான் ஆராதனை நடத்தினார். துக்க வீட்டில் வீட்டுக்காரர்கள் அழும் முன்பே தான் அழுதுவிடுகிற இளகின மனசுக்காரர்.

இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டு வாசல் வழியாக அக்கா உள்ளே வந்தார். சந்தன நிறத்தில் சேலை, கையில் பாட்டுப் புத்தகம். எப்போதும்போல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணம் நின்றுபோயிற்றா என்று கேட்க வாய் வரவில்லை, ஏன் வந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

அக்கா சபையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "போன தடவ மூணாவது ஞாயித்துக்கெழம நான் வீட்டுல இருந்தேன். ஆராதன முடிஞ்சா எல்லாரும் எங்க வாசல் வழியாத்தான போவாவ. முந்தின ரெண்டு வாரமும் உள்ள வந்து காப்பி குடிச்சிட்டுப் போனாவ. அன்னைக்கு ஒருத்தரும் ஏறிட்டுப் பாக்கல. ரோட்டுக்கு அந்தப் பக்கமா ஒதுங்கிப் போனாவ. அதுலதான் எனக்கும் அப்பாவுக்கும் வெவரம் தெரிஞ்சிது. இந்தத் தடவ என் காதால கேட்டுக்கிடுதேன்."

கல்யாணம் நிற்கவில்லை என்று எனக்குப் போன மூச்சு வந்தது. ஆனால் எதிரே பார்த்தால் சபையின் முகம் வேறு மாதிரி இருந்தது. பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். தலைகள் சாய்ந்தன, முந்தானைகள் வாய்க்குப் போயின. மாமியார் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் இல்லை, இல்லை என்று கண்ணால் சொல்லிப் பார்த்தேன். கண்ணால் அவ்வளவு நீளமாகச் சொல்ல முடியாது.

உபதேசியார் தாளை விரித்தார். பிறந்தநாள்களை வாசித்தார். கூட்டம் எந்த வீட்டில் என்று வாசித்தார். அடுத்ததற்கு விரலை வைத்தவர் எதேச்சையாகப் பாடகர் பெஞ்சைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். விரலைக் கீழே நகர்த்தி, நோயாளிகளுக்கான ஜெபக் குறிப்பை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். பாட்டு எண்ணைச் சொன்னார்.

அவர் மேல் தப்பில்லை. ஓலை வாசிக்கிற நாளில் பெண் வருமா, வந்திருக்கிறதென்றால் காரியம் கெட்டுப்போயிற்று, ஐயருக்குச் சேதி எட்டியிருக்காது, நின்ற கல்யாணத்தை அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நான் எப்படி வாசிப்பேன் என்றுதான் நினைத்தேன் என்று பிறகு மாமியாரிடம் கண் கலங்கிச் சொன்னார். இரக்கப்பட்டுத்தான் விட்டார். அந்த இரக்கத்தால் வியாழக்கிழமைக் கல்யாணம் போயிருக்கும். மறுபடி ஓலை, மறுபடி நாள் பார்ப்பது, அதற்குள் ஊர் என்னென்ன பேசுமோ. நான் எழுந்து ஏதாவது சொல்லிவிடலாமா என்று தவித்தேன். அந்தக் காலத்தில் ஆராதனை நடுவே பெண்பிள்ளைகள் வாய் திறப்பது கிடையாது. பாடலாம், பேசக்கூடாது.

ஆர்மோனியம் ஒரு சுற்று வாசித்து நின்றது. எல்லோரும் எழுந்து நின்றோம். அக்கா முதல் அடியை எடுக்கவில்லை. ஆர்மோனியக்காரர் தவறிவிட்டதோ என்று மறுபடி ஒரு சுற்று வாசித்து நிறுத்தினார். அப்போதும் எடுக்கவில்லை. சபை மொத்தமும் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"உபதேசியாரய்யா, ஒரு அறிவிப்பு விட்டுப்போச்சு. என் ஓலையை வாசிங்க."

பாடுகிற குரலிலேயே சொன்னார், கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும். உபதேசியாருக்கு முகம் வெளுத்துச் சிவந்தது. தாளை எடுத்தார், தலைகீழாக விரித்தார், திருப்பினார். நின்றுகொண்டிருந்த சபையை உட்காரச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை. அக்காவின் பேரையும் வாத்தியாரின் பேரையும் வாசித்தார். இது மூன்றாம் ஓலை என்றார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். வழக்கமாக அதைச் சொன்ன வேகத்திலேயே அடுத்ததற்குப் போய்விடுவார்கள், யாரும் பதில் சொல்லுவதற்காகக் கேட்பதில்லை. அன்றைக்கு அவர் பதறிப்போய் அப்படியே நின்றுவிட்டார்.

அக்கா திரும்பிச் சபையைப் பார்த்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், ஒரு பெஞ்சு விடாமல் பார்த்தார். இத்தனை நாளும் நாங்கள்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பார்வை வந்த இடத்தில் எல்லாம் தலைகள் புத்தகத்துக்குள் போயின. என் மாமியார் தலையும் போயிற்று. அக்கா ஆர்மோனியக்காரருக்குத் தலையசைத்தார், முதல் அடியை எடுத்தார். அன்றைக்கு நான் வாயை மட்டும்தான் அசைத்தேன்.

ஆராதனை முடிந்து வெயிலில் வெளியே வந்தோம். அக்கா யாருக்காகவும் நிற்காமல் முன்னால் நடந்தார். கொஞ்சம் பின்னால் நானும் மாமியாரும், எங்களுக்குப் பின்னால் மற்றவர்கள். திருப்பத்தில் அந்த வீடு தெரிந்தது. அக்காவின் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் வருகிற எங்கள் கால்களைத்தான் பார்த்தார், ரோட்டில் எந்தப் பக்கமாக நடக்கிறோம் என்று.

மாமியார் சட்டென்று நின்றார். "அன்னைக்கு நானும்தான் அந்தப் பக்கமா போனேன்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத் தானே சொன்னாரா தெரியவில்லை. பிறகு வேகமாக நடந்து, அக்காவையும் முந்திக்கொண்டு போய், அந்த வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டார்.

"அண்ணாச்சி, காப்பி உண்டா?" என்று கேட்டார்.

பெரியவர் எழுந்து, வழியை மறித்துக் கிடந்த நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டார்.