குங்குமம் வைத்த நட்டு

பெட்ரோல் ஊறிய இரும்பின் மேல் சந்தனம் காயும்போது ஒரு வாசனை வரும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், ஆயுத பூஜையன்று திருத்தணி பஸ் நிலையத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள். திருப்பதி பஸ்ஸின் மூடியைத் தூக்கி, டிரைவர் எஞ்சினுக்கு மூன்று விரலால் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைப்பார். அந்த நேரத்தில் நான் அங்கே இருக்க மாட்டேன். நாற்பத்தாறு வயதாகிறது, இன்னும் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

யுத்த காலத்தில், அரக்கோணம் தாண்டி ஒரு பொட்டலில், விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறை இருந்தது. இப்போது அங்கே கூரைத் தகரம்கூட மிச்சமில்லை. என் அக்கா புருஷனும் நானும் அங்கே வேலை பார்த்தோம். அவரைப் பாவா என்று கூப்பிடுவேன். பாவா ஃபிட்டர், ஸ்பானர் பிடிக்கிற கை. நான் செக்கர், அவர் செய்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற கண். தினம் காலையில் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், ஒரு தூக்குச்சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு போவோம்.

பட்டறையில் ஒரு வழக்கம். நட்டை முறுக்கி முடித்தவன், நட்டும் குழாயும் சேருகிற இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவான். கோடு நேராக இருந்தால் நட்டு கெட்டி. உடைந்து விலகியிருந்தால் நட்டு நழுவியிருக்கிறது. கோடே இல்லையென்றால் வேலை முடியவில்லை. ஒரு நாளைக்கு நூறு நட்டு பார்ப்பேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. போகப் போகக் கண் நட்டைப் பார்ப்பதை விட்டுவிடும், சிவப்பை மட்டும் எண்ணிக்கொண்டு போகும்.

அந்த வருஷம் விஜயதசமியன்று, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய விமானம் ஒன்று திருத்தணிப் பக்கம் பறந்து வந்தது. நடுவானில் எஞ்சின் இருமியது, பிறகு அடங்கியது. வேர்க்கடலைக் கொல்லையில் வயிற்றால் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. ஓட்டியவருக்குக் காறை எலும்பு முறிந்தது, உயிர் தப்பியது. பெட்ரோல் குழாய் கழன்று தொங்கியது. அதன் நட்டை விரலால் சுற்றினாலே சுற்றியது.

அது வெள்ளைக்காரனை எதிர்த்துத் தந்திக் கம்பிகளை அறுத்த வருஷம், தண்டவாளங்களைப் பெயர்த்த வருஷம். நட்டு தானாகக் கழலும் என்று நம்ப யாரும் தயாராக இல்லை. மதராஸிலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். தமிழ்க்காரர், கனமான கண்ணாடி, குரலை உயர்த்தாதவர். முதலில் பாவாவைக் கூப்பிட்டார். பாவா சொன்னது இது: பூஜை நாள் காலையில் அந்த நட்டைக் கையால் மாட்டினேன், முறுக்குவதற்குள் ஆயுதங்களைப் பூஜையில் வைக்கச் சொன்னார்கள், ஸ்பானரைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன், பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது, மறுநாள் மகனுக்கு மலையில் முடியிறக்க லீவு, வந்து முறுக்கலாம் என்றிருந்தேன், அதற்குள் வண்டியை எடுப்பார்கள் என்று தெரியாது.

"யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டாராம்.

"சொல்லலாம்னு இருந்தேங்க. தேங்கா ஒடைச்சாங்க. பொரி குடுத்தாங்க. மறந்துட்டேன்."

அடுத்து என்னைக் கூப்பிட்டார்.

"நீ செக் பண்ணப்ப அந்த நட்டுல சிவப்பு இருந்துச்சா?"

"ஆங், இருந்துச்சுங்க."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"என் கண்ணால பாத்தேங்க."

பொய் இல்லை. பார்த்தேன். ஆனால் அறையை விட்டு வெளியே வந்தபோதுதான் உறைத்தது. நான் பார்த்த சிவப்பு நிஜமென்றால் நட்டு கெட்டியாக இருந்திருக்கிறது. கெட்டியாக இருந்த நட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள். கழற்றவும் தெரிந்து, உள்ளே வரவும் முடிந்த ஒருவன், முறுக்கவே இல்லை என்று சாதிக்கிறான். என் ஒரு வார்த்தையில் பாவாவுக்கு ஜெயில் வாசல் திறந்துவிட்டது.

அதன் பிறகு எனக்கு எல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. பூஜையன்று வேலை முடிந்த பிறகு பாவா மறுபடி உள்ளே போனதைக் காவல்காரன் பார்த்திருக்கிறான். தூக்குச்சட்டியை மறந்துவிட்டாராம். போன மாதம் ரயிலில் கதர்ச் சட்டைக்காரன் ஒருவனோடு புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தாரே, அது என்ன பேச்சு? விமானம் விழுந்தபோது மலைப் படியில் நின்று முதலில் பார்த்தவரும் அவர்தான். மொட்டையடித்த பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, கொல்லையில் எழுந்த புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த நேரத்துக்கு அந்தப் படியில் ஏன் நின்றார்? முருகனுக்கு நேர்ந்த முடிக்குக்கூட நான் சாட்சி கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா வீட்டெதிரே, புளியமரத்தடியில் புதிதாக ஒருவன் செருப்புத் தைக்க உட்கார்ந்தான். மூன்று நாளில் ஒரு செருப்பும் தைக்கவில்லை. அக்காதான் போய் அறுந்த வாரைக் கொடுத்துப் பார்த்தாள். ஊசியை எந்தப் பக்கம் குத்துவது என்று தெரியாமல் முழித்தானாம்.

"செருப்பு தைக்கத் தெரியாத போலீஸு," என்றாள் என்னிடம். சிரிக்கவில்லை. "அவரு ரெண்டு நாளா சோறு துன்னல. ஒன்ன என்னா கேட்டாங்க?"

"செக் பண்ணியான்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"பாத்தத சொன்னேன்."

"பாத்தத," என்றாள். அந்த ஒரு வார்த்தையைத் தராசில் வைத்து நிறுத்தது போல என்னைப் பார்த்தாள்.

பாவாவை வீட்டுக்கு விட்டிருந்தார்கள், ஆனால் தினம் பட்டறைக்கு வந்து அதிகாரி முன் நிற்க வேண்டும். அதே ரயிலில் போனோம், வேறு வேறு பெட்டியில். அரக்கோணத்தில் இறங்கும்போது அவர் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, கணக்கு இருந்தது. குற்றவாளி இப்படித்தான் பார்ப்பான் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆறாம் நாள் அதிகாரி என்னை மறுபடி அழைத்தார். மறுநாள் பாவாவைப் போலீஸிடம் ஒப்படைப்பதாக இருந்தது; அதற்கு முன் என் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மேஜை மேல் ஒரு துணி, அதில் அந்த நட்டு. ஒரு பக்கத்தைப் பெட்ரோல் கழுவிவிட்டிருந்தது. இன்னொரு முனையில் சிவப்பு ஒட்டியிருந்தது.

"நீ பாத்த சிவப்பு இதானே?"

"இதாங்க," என்று கையில் எடுத்தேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தபோது அந்த வாசனை வந்தது. பெட்ரோல், அதற்கு அடியில் இன்னொன்று. நட்டின் இடுக்கில் நகத்தை விட்டுக் கீறினேன். மஞ்சளாகப் பொருக்கு உதிர்ந்தது. பெயிண்டுக்கு அடியில் ஏது சந்தனம்?

என் விரல் எனக்கு ஞாபகம் வந்தது. பூஜைத் தட்டோடு பட்டறை முழுக்கச் சுற்றி, நின்ற விமானங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தவன் நான். அந்த எஞ்சினுக்கு வைக்கும்போது பக்கத்தில் யாரோ பொரி கேட்டார்கள். திரும்பிக்கொண்டே வைத்தேன். விரல் வழுக்கியது. பொட்டு நீண்டு கோடாக இழுபட்டது. மறுநாள் நான் வைத்ததையே நான் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சொல்லாமல் இருந்தால் என் வேலை தங்கும். நட்டைத் துணியில் வைத்தேன்.

"இது பெயிண்ட்டு இல்லீங்க. குங்குமம். வெச்சது நானு."

அவர் கண்ணாடியைக் கழற்றி நட்டை முகர்ந்தார்.

"ஏன் மொதல்லயே சொல்லல?" அவர் பார்வையில் இப்போது சந்தேகம் என் மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

"பெயிண்ட்டுன்னுதாங்க பாத்தேன். இப்பக்கூட கண்ண மூடுனா பெயிண்ட்டுதாங்க தெரியுது."

"அப்போ கழட்டுனது யாரு?"

"யாரும் கழட்டல. யாரும் முறுக்கவும் இல்லீங்க."

அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுதிக்கொண்டார். போலீஸ் விஷயம் அதோடு நின்றது. புளியமரத்தடி காலியானது, அக்காவின் அறுந்த வார் அங்கேயே கிடந்தது. முறுக்காமல் விட்டதற்காகப் பாவாவுக்கும், பார்க்காமல் போட்ட கையெழுத்துக்காக எனக்கும் ஒரே நாளில் வேலை போனது. பூஜை என்றால் இனி வாசல் கதவுக்கு மட்டும் பொட்டு வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பாவா பம்பாய்க்குப் புறப்பட்டார், மில்லில் வேலை தேட. அரக்கோணத்தில் வண்டியேற்றிவிட நான்தான் போனேன். மூட்டையை ஏற்றினேன், தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன், இரண்டு பேரும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மணியடித்ததும் ஜன்னலில் முகத்தை வைத்தார்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. நான் கழட்டியிருப்பேன்னு எத்தினி நாளு நெனச்சுகினு இருந்த?"

"ஆறு நாளு, பாவா."

வண்டி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன்.

"பரவால்ல, போ," என்றார். "நான் கையால மாட்டி வெச்சத நீதான் கழட்டிட்டு குங்குமத்து மேல பழி போட்டன்னு நான் நேத்து வரைக்கும் நெனச்சுகினு இருந்தேன்."