அக்கா மகளும் என் மகளும்

போன செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் அழைத்து, "நிலா இன்னும் வரலையே, நல்லாத்தானே இருக்கா?" என்று கேட்டாள். என் மகள் நிலாவும் நானும் அரைமணி நேரம்தான் தாமதம். புக்கிட் பாத்தோக்கிலிருந்து கிளம்பிய ரயில் வழியில் நின்றுவிட்டது. சிங்கப்பூருக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. ஆனாலும் இப்படி ஓர் அழைப்பு வந்தால் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. அறந்தாங்கிப் பக்கத்தில் நான் வளர்ந்த ஊரில் மருத்துவருக்காக நாங்கள் காத்திருப்போம். எங்களுக்காக ஒரு மருத்துவமனை காத்திருக்கும், வராவிட்டால் தேடும் என்பது இன்னும் எனக்குப் பழகவில்லை.

நிலா பிறந்த இரண்டாம் நாள், அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாதி வந்து அவள் காதில் சிறிய ரப்பர் முனை ஒன்றைச் செருகினார். பக்கத்திலிருந்த கருவியில் கோடுகள் ஓடின. "எதுக்குங்க? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே" என்றேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். "எல்லா பேபிக்கும் செய்வோம்லா. காது கேக்குதான்னு பாக்க" என்றார். இரண்டு நாள் குழந்தையிடம் போய் யாராவது காது கேட்கிறதா என்று பார்ப்பார்களா என நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் தாளில் ஏதோ எழுதிவிட்டு "ரெஃபர்" என்றார். அது தேறிவிட்டது என்பதற்கான சொல் என நினைத்து நன்றி சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, "பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. திரும்ப செக் பண்ணணும்" என்றார்.

திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். கடைசியாகப் பார்த்த சீன மருத்துவர் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: "குடும்பத்தில் யாருக்காவது காது கேளாமை உண்டா?" இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தெரியும்.

அந்த மருத்துவர் எங்களிடம் சொன்னது இதுதான். நிலாவுக்கு இரண்டு காதும் கேட்காது. இது பிறவியில் வருவது. பெற்றோர் இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்து பிள்ளையிடம் வெளிப்படுவது. வீட்டுக்கு வரும் பேருந்தில் என் கணவர் நிலாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் காதையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கோ அக்கா மகள் கயலின் முகம் கண்முன் வந்து நின்றது.

அக்கா செல்வியும் நானும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணனை அவள் கட்டினாள், தம்பியை நான் கட்டினேன். அதனால் கயலுக்கும் நிலாவுக்கும் தாத்தா பாட்டிகள் அதே நால்வர்தான். அப்போது ஊரிலிருந்த கயலுக்கு மூன்றரை வயது. பேச்சு வரவில்லை. "அவ அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்த நானும் அதையே சொன்னேன். அவள் பின்னால் நின்று பாத்திரத்தைத் தட்டிப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அக்காவை அழைத்தேன். நிலாவுக்கு வந்ததைச் சொன்னதும் அழுதாள். "அக்கா, கயலையும் ஒரு தடவ காது டாக்டர்கிட்ட காட்டு" என்றேன். அவள் அழுகை நின்றது.

"என்னடி சொல்ற?"

"ரெண்டும் ஒரே ரத்தம்க்கா. டாக்டரே சொன்னாரு."

"உம் புள்ளைக்கு வந்துருச்சுன்னா எம் புள்ளைக்கும் வரணுமா? அவ சிரிக்கிறா, ஆடுறா, கூப்பிட்டா ஓடியாறா. அங்க உக்காந்துக்கிட்டு இங்க இருக்குற புள்ளைக்கு நோவு சொல்றியா?"

தொலைபேசியை வைத்துவிட்டாள். நான் மறுபடி அழைக்கவில்லை. அவள் மனம் ஆறட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தேன். நான் சொன்னது சரியாக இருந்துவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். எங்கள் இருவருக்கும் இடையில் ஒன்றரை வருடம் பேச்சில்லை.

அந்த ஒன்றரை வருடத்தில் நிலாவின் காதுக்குப் பின்னால் அறுவை செய்து கருவி வைத்தார்கள். எங்களிடம் நிரந்தரவாசி அட்டை இருந்தது, என் கணவரின் நிறுவனத்தில் காப்பீடும் இருந்தது. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. மழை, கதவு, நாய் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்று, காதைத் தொட்டு, "கேட்டியா?" என்று அவளிடம் கேட்கச் சொன்னார்கள். மின்தூக்கியில் பக்கத்து வீட்டு மலாய் அம்மாள்கூட மணி அடித்ததும் தன் காதைத் தொட்டுக் காட்டுவார். ஒரு நாள் நிறுத்தத்தில் நின்றபோது நிலா "பஸ்" என்றாள். அதுதான் அவளுடைய முதல் சொல். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடிக்கும் முன்பே கயலின் நினைவு வந்துவிட்டது. எனக்கு எந்த மகிழ்ச்சியும் அதன்பின் முழுதாக வந்ததில்லை.

கயலை ஐந்து வயதில் பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியைதான் கண்டுபிடித்தார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். அன்றிரவு அக்கா அழைத்தாள். "நீ சொன்னது சரிதான்டி" என்றாள். "ரெண்டு வருசம் முன்னாடி வந்துருந்தா நெறைய செஞ்சிருக்கலாம்னாரு டாக்டரு. நீ ஏன் ரேவதி மறுபடி போன் பண்ணல? நான் கோவத்துல வச்சேன். நீ பண்ணிருக்கலாம்ல?"

பயந்துவிட்டேன் என்று சொல்லாமல், அடுத்து என்ன சோதனை எடுக்கச் சொன்னார்கள் என்று கேட்டேன்.

அதன் பிறகும் எதுவும் எளிதாக நடக்கவில்லை. சோதனைக்கு ஒரு தேதி, சான்றிதழுக்கு ஒரு தேதி, கையெழுத்துப் போடுபவர் விடுப்பு என்று மாதங்கள் போயின. அறுவைக்கான வயது கடந்துவிட்டது. காதொலிக் கருவி கிடைத்தது. அதைப் பழக்கும் பயிற்சிக்கு இரண்டு பேருந்து மாறி ஒரு முழு நாள் போய்வர வேண்டும். நடவு நாள்களில் அக்காவால் போக முடியாது. சில மாதங்களில் நின்றுபோனது.

நாடுகளின் முன்னேற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பாலங்களையும் விமான நிலையங்களையும் படம் பிடித்துப் போடுகிறார்கள். நான் அந்த ரப்பர் முனையைத்தான் நினைப்பேன். என்னைவிட அக்கா நன்றாகப் படித்தவள். பாசத்திலும் குறைந்தவள் இல்லை. கிராமத்துச் செவிலியர் மாதம் தவறாமல் வந்து, கயலுக்கு எல்லா ஊசியும் போட்டார். அவருக்கு அந்தக் கருவியை யாரும் கொடுத்திருக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அடுத்த மருத்துவர் எங்கே, பயிற்சியாளர் எங்கே, வராத பிள்ளையைத் தேடி அழைக்க ஆள் எங்கே? இங்கே ஒருவர் கை விடும் இடத்தில் இன்னொருவர் கை இருக்கிறது. அங்கே நல்ல கைகள் உண்டு, ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் வெகுதூரம். எங்கள் வீட்டில் அந்தத் தூரத்தில் விழுந்தவள் கயல். எட்டிப் பிடித்திருக்கக்கூடியவள் நான்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். கட்டுமான வேலை பார்க்கும் ஒருவர் நிலாவின் கருவியைப் பார்த்து, "பாப்பா காதுல என்னக்கா அது?" என்றார். சொன்னேன். அவர் சற்றுத் தயங்கி, "ஊர்ல எம் பையனுக்கு ரெண்டு வயசு. இன்னும் பேசல. லேட்டா பேசுவான்னு சொல்றாங்க" என்றார். என் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்தேன். அங்கேயே, அந்தக் கூட்டத்திலேயே, ஊரிலிருக்கும் அவர் மனைவியைத் தொலைபேசியில் கூப்பிடச் சொன்னேன். அந்தப் பெண் முதலில் கோபப்பட்டாள். "நீங்க யாருங்க?" என்றாள். நான் விடவில்லை. அவள் வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிடச் சொன்னேன். மூன்றாவது முறை, "நாளைக்கே கூட்டிட்டுப் போறேங்க்கா" என்றாள். போன வாரம் அவர் செய்தி அனுப்பினார். பையனுக்கு வலது காது கொஞ்சம் கேட்கிறதாம், சிகிச்சை தொடங்கிவிட்டார்களாம். அதை அக்காவுக்கு அனுப்பலாமா என்று யோசித்து, அனுப்பாமல் விட்டேன்.

இந்த முறை பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். கயலுக்குப் பத்து வயது. புதுக்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் படிக்கிறாள். படு சுட்டி. அவள் விரல்கள் ஓடுகிற வேகத்தில் எத்தனையோ கதைகள் இருக்கின்றன. தோழிகளுக்குப் புரிகிறது. அக்காவுக்குப் பாதிதான் புரிகிறது. மகள் விடுமுறையில் வந்து கைகளால் சொல்லிக்கொண்டே இருக்க, தாய் தலையாட்டிக்கொண்டே இருக்கிறாள். நிலாவும் கயலும் ஒரே அச்சு. அதே நெற்றி, அதே கன்னக்குழி. நிலாவுக்கு வயது ஏழு, வாய் மூடுவதில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் அக்கா நிலாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கயல் வாசல் பக்கம் உட்கார்ந்து எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பார்க்காமல் நிலாவிடம் கேட்டாள்: "சாமி, ஒரே ஒரு தடவ என்னைய அம்மான்னு கூப்புடுறியா?"

"நீங்க பெரியம்மாதானே?" என்று சொல்லிவிட்டு நிலா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"அம்மா" என்றாள் நிலா.

பழக்கத்தில் "என்னம்மா" என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். அக்கா, "என்ன சாமி?" என்று கேட்டுவிட்டு, சோற்றுக்கையோடு கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் கேட்காத கயல், அம்மாவின் முகத்தைப் பார்த்து, ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று நினைத்து, வாசலிலிருந்து சிரித்தாள்.