சொல்லிக்கொள்ளாமல் போன ஆயா

மகள் இறந்த நான்காம் மாதம் மருமகன் ஊரப்பாக்கத்து வீட்டைக் காலி செய்தார். அவளுடைய பொருள்களில் எனக்கென்று ஓர் அட்டைப்பெட்டியை மட்டும் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஆறு ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. அடங்காத பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டுக்கு அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்துசேரும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை வரிசை அது. மகளின் ஏழாம் வயதில் நான் வாங்கிக் கொடுத்தவை. பெட்டியின் அடியில் அதே கதையின் இரண்டு திரைப்படங்களும் குறுந்தகடுகளாக இருந்தன. ஒன்று பழையது. மற்றொன்று, அவள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு வந்தது.

அந்தப் புத்தகங்களா, படங்களா, எது மேல் என்று நானும் அவளும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாதாடியிருக்கிறோம்.

அவள் சிறுமியாக இருந்தபோது நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புவாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து ஓர் இளம்பெண் இரண்டு பேருந்து மாறி வருவாள். மகளுக்கு அவள் ஆயா. எங்களுக்கும் அதுவே பெயராயிற்று. மாலையில் நான் அந்தப் புத்தகங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசிப்பேன். கதையில் வரும் பெண்ணைச் செவிலித்தாய் என்று மொழிபெயர்த்தேன். மகள் அதை ஏற்காமல் 'அந்த ஆயா' என்றே சொன்னாள். எங்கள் ஆயா ஐந்தரை மணிப் பேருந்தை விட்டுவிட்டுக் கதை கேட்க உட்கார்ந்துவிடுவாள்.

முதல் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில், பிள்ளைகள் ஒரு காலையில் எழுந்து பார்க்கும்போது செவிலியின் அறை காலியாக இருக்கும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இடத்தை நான் வாசித்து முடித்ததும் ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சொல்லாம பூட்டாளா?”

“ஆமாம். கதை அப்படித்தான்.”

“இன்னா பொம்பள சார் அவ? சாவு வூட்லருந்துதான் சொல்லிக்காம போவாங்க. நல்லா கீற வூட்லருந்து எவளாவது அப்டி போவாளா?” குழந்தையின் பக்கம் திரும்பினாள். “நான்லாம் அப்டி போவ மாட்டேன் பாப்பா. உன் கைல சொல்லிட்டுதான் போவேன்.”

“நீ எங்கயும் போவக் கூடாது.”

“போவாம? உன் கல்யாணத்துல நாஸ்தா துன்னுட்டுதான் போவேன், போ.”

சில வாரங்கள் கழித்து, பழைய படத்தின் ஒளிநாடாவை வாடகைக்கு எடுத்து வந்தேன். படத்தில் செவிலி ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு புறப்படுகிறாள். ஆயா கைதட்டாத குறை. “பாத்தியா சார், இவளுக்குத் தெரியுது.” மகளும் அவள் கட்சி. பார்ப்பவர்கள் அழுதுவிடுவார்கள் என்று படக்காரர்கள் பயந்து கதையை மாற்றிவிட்டார்கள் என்று நான் ஏழு வயதுக் குழந்தைக்கு விரிவாக விளக்கினேன்.

அந்த ஆண்டே ஒரு சனிக்கிழமை, எங்கள் சம்மதத்தோடுதான், ஆயா குழந்தையைத் தன் ஊர்த் திருவிழாவுக்கு அழைத்துப் போனாள். மறுநாள் வீட்டுக்கு வந்த என் பெரியப்பா மகனிடம், ஆயா வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டதை மகள் உற்சாகமாகச் சொன்னாள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அவங்க எந்தப் பக்கம்?” சாதி என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை, நானும் உச்சரிக்கவில்லை. அச்சொல்லுக்கு எதிராக வகுப்பில் ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசக்கூடியவன் நான்.

திங்கட்கிழமை காலை, மகள் பள்ளிக்குப் போன பிறகு, இனி வர வேண்டாம் என்று ஆயாவிடம் சொன்னேன். காரணம் கேட்டாள். குழந்தை வளர்ந்துவிட்டது என்றேன். அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மாலையில் மகளிடம் சொன்னேன்: “ஆயா போயிட்டாங்கம்மா. சொல்லிக்காம, புத்தகத்துல வர்ற மாதிரியே. நீ பெரியவளாயிட்டேல்ல?”

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். “சரிப்பா,” என்றாள். அழவில்லை. நல்ல புத்தகம் ஒரு குழந்தையைப் பக்குவப்படுத்தும் என்பதற்கு அதைச் சான்றாக எடுத்துக்கொண்டேன். சக ஆசிரியர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

புதிய படம் வந்தபோது இருவரும் சேர்ந்து பார்த்தோம். அதிலும் செவிலி சொல்லிக்கொண்டுதான் போனாள். புத்தகத்தின் கண்டிப்பு இதிலும் இல்லை என்றேன். “படத்துலதாம்பா சரியா இருக்கு,” என்றாள் மகள். அது ரசனையைப் பற்றிய கருத்து என்று நினைத்து, மேலும் அரை மணி நேரம் மறுத்தேன். அவள் சிரித்துக்கொண்டு கேட்டாள்.

மருத்துவமனையில் அவளுடைய கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், “ஆயா எங்க இருக்காங்கன்னு தெரியுமாப்பா?” என்று கேட்டாள்.

“தெரியாதும்மா,” என்றேன்.

ஊரின் பெயர் எனக்கு மறக்கவில்லை. ஆயா வந்து நின்றால் அன்று மாலை நான் சொன்னது பொய் என்று வெளிப்பட்டுவிடும் என அஞ்சினேன். சாகக் கிடக்கும் மகளின் முன்னால் அஞ்சினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள், நான் கீழே மருந்து வாங்கப் போயிருந்த கால் மணி நேரத்தில் அவள் உயிர் பிரிந்தது. காரியங்கள் முடிந்த மாலை, வந்திருந்தவர்கள் வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அவள் இருந்தவரை அந்தப் பொய்யை நான் திருத்தவில்லை. அதை ஆயாவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று, பெட்டி வந்த மறுவாரம், புத்தகங்களை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மாமல்லபுரம் வரை ஒரு பேருந்து. அங்கிருந்து சவுக்குத் தோப்புகளை ஒட்டித் தெற்கே மற்றொன்று. ஊரில் இரண்டாம் ஆளிடம் விசாரித்ததுமே வீட்டைக் காட்டிவிட்டார்கள். ஓட்டு வீடு தளம் போட்ட வீடாகியிருந்தது. ஆயா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

“சாரா? இன்னா சார் இப்டி கெயவனாயிட்டே?”

“நீங்க நல்லா இருக்கீங்களா?”

“நீங்களா?” சிரித்தாள். “அப்போலாம் நீ, வா, போதானே. பாப்பா எப்டி கீது? எத்தினி புள்ளைங்க?”

“ஒரு பையன்,” என்றேன். இரண்டாம் கேள்விக்கு மட்டும் அது விடை.

“உள்ள வந்து குந்து. பையன் மறைமலைநகர்ல கம்பெனிக்குப் பூட்டான், நான் மட்டும்தான் கீறேன். மொதல்ல துன்னு. எங்க வூட்ல துன்னுவ இல்ல?”

சாப்பிட்டேன். மீன் குழம்புதான். சேதியைச் சொன்ன பிறகு அந்தச் சோற்றை அவளும் போட முடியாது, நானும் தொட முடியாது என்று தெரிந்தே சாப்பிட்டேன். “இந்த எடத்துலதான் பாப்பா குந்தி துன்னுச்சு. ரெண்டு வாட்டி வாங்கி துன்னுச்சு,” என்றாள்.

கை கழுவிய பின் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

“எப்போ?”

“நாலு மாசம் ஆச்சு.”

பிறகு, நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். “நீங்க சொல்லிக்காமப் போயிட்டீங்கன்னு அன்னிக்கு அவகிட்ட சொல்லிட்டேன். கடைசி வரைக்கும் அதை மாத்திச் சொல்லல.”

“நான் சொல்லிட்டுதானே போனேன்?”

எனக்கு விளங்கவில்லை.

“உன் வூட்லருந்து நேரா ஸ்கூலாண்டதான் போனேன். சோத்து பெல்லு அடிக்கிற வரிக்கும் கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன். பாப்பா வந்துச்சு. அப்பா வர வேணாம்ட்டாரு, நான் போய்ட்டு வரேன்னு சொன்னேன். அயுதுச்சு. நான் இங்க வந்தத அப்பா கைல சொல்லாத, கோச்சிக்குவாருன்னு சொல்லி அனுப்புனேன்.” என்னைப் பார்த்தாள். “உன் கைல சொல்லிச்சா?”

“சொல்லல.”

“எப்பவுமா?”

“எப்பவும்.”

அன்று மாலை மகள் என்னைப் பார்த்த பார்வையை அப்போதுதான் நான் முதன்முறையாகப் பார்த்தேன். எனக்கு முன்பே ஆயா அவளிடம் சொல்லியிருந்தாள். நான் சொல்வது பொய் என்று தெரிந்தேதான் அவள் சரிப்பா என்றாள். அவள் என்னிடம் வாதாடியது ஒருபோதும் படங்களைப் பற்றி அல்ல.

மற்றதையும் சொன்னேன். கடைசி வாரத்தில் மகள் கேட்டதையும், தெரியாது என்று நான் சொன்னதையும்.

“ஊர் பேரு உனக்கு மறந்துட்ச்சா?”

“மறக்கல.”

அவள் வெளியே சாலையைப் பார்த்தாள். “ரெண்டு பஸ்சு, சார். இன்னிக்கு நீ வந்தியே, அதே ரெண்டு பஸ்சு.”

மன்னிப்புக் கேட்பதற்கான சொற்களை வழியெல்லாம் கோத்து வைத்திருந்தேன். அவற்றை எடுக்கவில்லை. புத்தகங்களை அவள் பக்கத்தில் வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மேலே இருந்ததை எடுத்து, முந்தானையால் அட்டையைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் எழுந்தேன். “போய்ட்டு...” என்று தொடங்கினேன்.

அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். “சொல்லாத சார். சாவு சேதி வந்த வூடு. சொல்லிக்காம போ.”

செருப்பை மாட்டிக்கொண்டு, எதுவும் சொல்லாமல் தெருவில் இறங்கினேன்.