விசிலக்காவுக்குத் தேதி இல்லை

நகராட்சி நீச்சல்குளத்தின் உயரமான இரும்பு நாற்காலியில் இருபத்தைந்து வருடமாக உட்கார்ந்திருப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் அவர் விசிலக்கா. குளத்தில் கும்மாளம் போடும் பிள்ளைகளுக்கு அக்கா, அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் அக்கா, தேவாலயத்தில் அவரைவிடப் பதினைந்து வயது மூத்த தபால்காரருக்கும் அக்காதான். கடைக்குப் போகும்போதுகூட விசிலைக் கழற்ற மறந்துவிடுவார். ஒருமுறை பிரசங்கத்தின் நடுவில் ஒரு வாண்டு பெஞ்சு மேல் ஏறி ஓட, யோசிக்காமல் ஊதிவிட்டார். வாண்டு நின்றது. பிரசங்கமும் நின்றது. அன்றைக்கு அது நின்றதில் பலருக்கு வருத்தமில்லை.

ஆள் படு கறார். குளத்தின் பணிப்பதிவேட்டில் செய்யாத வேலையைச் செய்ததாக ஒரு எழுத்து எழுதமாட்டார். தண்ணீரில் குளோரின் அளவு பார்க்க மறந்த நாளில் ‘மறந்துவிட்டேன்’ என்றே எழுதிக் கையெழுத்துப் போடுவார். மேலாளர் தலையில் அடித்துக்கொள்வார். இந்தக் கறார் புத்திதான் முப்பது வருடமாக அவரைத் திருவிருந்துப் பக்கம் போகவிடாமல் வைத்திருந்தது.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். திருவிருந்தில் முதன்முறை அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போகிறவர் எழுந்து நின்று, தான் இரட்சிக்கப்பட்ட நாளை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். இன்ன தேதி, இன்ன இடம். விசிலக்காவுக்குப் பதினேழு வயதில் அந்த முறை வந்தது. ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி காய்ச்சலில் கிடந்தபோது இரட்சிக்கப்பட்டிருந்தாள். ஒருவன் கோடைக்கால முகாமில். இன்னொருவன் ஓடும் பேருந்தில், அதுவும் நின்றுகொண்டே பயணம் செய்தபோது. இவர் முறை வந்ததும் யோசித்துப் பார்த்தார். இவருடைய அப்பா அந்த ஆலயத்தின் காவலாளி. மணிக்கயிற்றில் ஊஞ்சலாடி, பெஞ்சுக்கு அடியில் தூங்கி வளர்ந்த பிள்ளை. நம்பாத நாள் என்று ஒன்று இருந்திருந்தால் அல்லவா நம்பத் தொடங்கிய நாள் என்று ஒன்று இருக்கும்?

“எனக்குத் தேதி இல்லீங்கய்யா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதைய போதகர் நல்ல மனிதர். “பரவாயில்லம்மா. அவசரமில்ல. அது வர்றப்ப வரும்” என்றார். விசிலக்கா காத்திருந்தார். அந்தப் போதகர் ஓய்வுபெற்றார், அடுத்து வந்த மூன்று பேரும் மாற்றலாகிப் போனார்கள், ஐந்தாவது போதகரும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியாகிவிட்டது. தேதிதான் வந்தபாடில்லை. எழுப்புதல் கூட்டம் ஒன்று விடாமல் போய், அழுகிறவர்களோடு சேர்ந்து அழுதும் பார்த்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு யோசித்தால், போன வாரம் இருந்த அதே நம்பிக்கைதான் அதே அளவில் இருந்தது. இதை வைத்துக்கொண்டு எந்தத் தேதியை எழுதுவது?

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், பேச்சு குறைவு. மாதக் கடைசி ஞாயிறன்று திருவிருந்துக்கு அவர் மட்டும் எழுந்து முன்னால் போவார். திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட ‘நீயும் வாயேன்’ என்று அவர் கேட்டதில்லை. கேட்காமலே இருப்பதுதான் விசிலக்காவுக்கு அதிகமாக வலித்தது.

இந்த மாதக் கடைசி ஞாயிறு அவர்களுடைய ஒரே மகளுக்கு முதல் திருவிருந்து. அதற்கு இரண்டு வாரம் முன்னால், துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்:

“அம்மா, நானும் உக்காந்து யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்கும் தேதி எதுவும் இல்ல.”

விசிலக்காவின் கையிலிருந்த தலையணை உறை பாதி மடிப்பில் நின்றது. “நல்லா யோசிச்சியா?”

“நல்லாவே யோசிச்சாச்சு. அதனால நான் உன்கூடவே உக்காந்துக்கறேன். உனக்கும் ஒரு துணையாச்சு.”

பிள்ளை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விசிலக்கா உறையை விரித்து முதலிலிருந்து மடித்தார். தான் உட்கார்ந்தது உட்கார்ந்தாயிற்று. பெற்ற பிள்ளையையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைக்கவா இத்தனை வருடம் கறாராக இருந்தது?

யாரிடமாவது கேட்கலாம் என்றால், சபையில் இதற்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தபால்காரர், பணி ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பல் டாக்டர். எங்கோ ஒரு குளிர்தேசத்தில் தாடி வைத்த பெரியவர்கள் நானூறு வருடத்துக்கு முன்பு தொடங்கிய வழக்கை, இந்த இருவரும் ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். யார் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதைக் கடவுளே முன்குறித்துவிட்டார், மனிதனால் ஆவது ஒன்றுமில்லை என்பது தபால்காரர் கட்சி. கிருபையைக் கடவுள் எல்லோருக்கும் நீட்டுகிறார், ஏற்பதும் தள்ளுவதும் அவரவர் சித்தம் என்பது டாக்டர் கட்சி.

“கவர் மேல விலாசம் எழுதுறது யாரு? அனுப்புறவர். வாங்குறவனா எழுதுறான்?” என்பார் தபால்காரர்.

“நான் எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தா என்ன, நோயாளி வாயத் தெறந்தாத்தானே பல்லப் பாக்க முடியும்” என்பார் டாக்டர்.

இந்த இரண்டு வசனத்தையும் சபையே மனப்பாடமாக வைத்திருந்தது. சண்டை முடிந்ததும் தபால்காரரின் மேல்வரிசைப் பல்செட்டை அங்கேயே வெளிச்சத்தில் பார்த்துச் சரிசெய்து கொடுப்பதும் டாக்டர்தான்.

அந்தப் புதன்கிழமை ஆலயத்தின் பின்கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். விசிலக்காவுக்குத் தேநீர் முறை. பெரிய பிளாஸ்க்கோடு வரிசை வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தார். கணவரும் மகளும் ஜன்னலோரம் இருந்தார்கள். டாக்டர் அன்றைக்குப் பல்லை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தார்.

“மனுஷன் பாவத்துல முங்கிட்டிருக்கான். கடவுள் டியூப் வீசுறார். அதப் பிடிக்கிறது இவன் வேலையா இல்லையா?”

“முங்கிட்டிருக்கானா? எப்பவோ முங்கியாச்சு டாக்டர். அடியில பொணமாக் கெடக்கான். பொணத்துக்கு டியூப் எதுக்கு?”

“பொணமா இருந்தா அப்புறம் எதுக்கு ஒவ்வொரு வாரமும் அதுக்குப் பிரசங்கம் பண்றோம்?”

புதிய போதகர் இளைஞர். வந்த நாளிலிருந்து இந்த இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிபிதுங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது.

“முங்குறவங்க என்ன பண்ணுவாங்கன்னு நாம ஏன் கற்பனை பண்ணிட்டிருக்கணும்? தெரிஞ்சவங்க இங்கயே இருக்காங்களே. விசிலக்கா, நீங்க சொல்லுங்க.”

இருபது தலையும் திரும்பியது. விசிலக்கா பிளாஸ்க்கைக் கீழே வைக்கவில்லை. சாட்சிக்கூண்டில் ஏறியவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். இரட்சிப்பைப் பற்றிக் கேட்டிருந்தால் வாயே திறந்திருக்கமாட்டார். இது தண்ணீர். இதில் அவரை யாரும் அசைக்க முடியாது.

“டியூப்ப எல்லாம் பிடிக்க மாட்டாங்க டாக்டர். கைக்கு எட்டுற தூரத்துல மிதந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கையால தண்ணிய அமுக்கி அமுக்கி வாய மேல கொண்டுவரப் பாப்பாங்க, அவ்வளவுதான். சத்தம்கூடப் போட மாட்டாங்க. மூச்சு விடவே நேரமில்ல, கத்த எங்க நேரம்?”

தபால்காரர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். “நான் என்ன சொன்னேன். பொணம் மாதிரிதான்.”

“அப்படியும் சொல்ல முடியாதுங்க. பக்கத்துல போய்ப் பாருங்க. காப்பாத்த வந்தவங்க தோள் மேல ஏறி நின்னுக்கிட்டு நம்மளையே முக்குவாங்க. எனக்கு ஒருதடவை மூக்கெலும்பே ஒடஞ்சிருக்கு. எந்தப் பொணம் அப்படி ஒதைக்கும்?”

தபால்காரர் காலை மடக்கிக்கொண்டார். டாக்டர் நிமிர்ந்தார். “பாத்தீங்களா? எதிர்க்கிறான்னா அவனுக்குன்னு ஒரு சித்தம் இருக்குன்னுதானே அர்த்தம்?”

“அர்த்தம் எல்லாம் எனக்குத் தெரியாது. நாங்க முன்னால போகவே மாட்டோம். பின்னாலிருந்து போய் அக்குள்ல கையக் கொடுத்து, மோவாயத் தூக்கிப் பிடிச்சு இழுத்துட்டு வருவோம். யார் இழுக்கறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. ஒரு கட்டத்துல ஒடம்பத் தளர விட்டுடுவாங்க. அப்புறம் சுலபம்.”

“தளர விடறாங்களா, தளர்ந்து போகுதா?” என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் கேட்டார்கள். இந்த ஒரு கேள்வியில்தான் நானூறு வருட வழக்கும் அடங்கியிருந்தது.

விசிலக்கா நன்றாக யோசித்தார். “அந்த நேரத்துல யாருங்க அதப் பாத்துட்டிருப்பாங்க. ஆள் கரைக்கு வந்தாப் போதும்னு இருக்கும்.”

கூடம் சிரித்தது. அவர் தொடர்ந்தார்: “ஆனா ஒண்ணு. கரையேறினதும் எல்லாரும் ஒண்ணாத்தான் சொல்லுவாங்க. ‘நல்லவேளை அக்கா, நான் உங்க கையக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்’னு.”

“அப்ப நீங்க எடுத்துச் சொல்லுவீங்களா, நீ பிடிக்கல, நான்தான் பிடிச்சேன்னு?” தபால்காரர் ஆவலாகக் கேட்டார்.

“எதுக்குங்க? பாவம், நடுங்கிட்டிருப்பாங்க. துண்டு குடுப்பேன்.”

இதற்குச் சிரிப்பு அடங்க நேரமானது. இரண்டு கட்சிக்காரர்களும் தாங்களே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு தேநீரைக் கையில் எடுத்தார்கள். விசிலக்காவுக்குப் பேச்சு ருசித்துவிட்டது.

“இவங்களாவது துண்டு வாங்கிக்கிட்டு நன்றி சொல்லுவாங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கே, அதுங்க மோசம். ஆழம் தெரியாம நடந்து வரும். மூக்கு நனையறதுக்கு முன்னாலயே தூக்கிக் கரையில வச்சிருப்பேன். தான் முங்க இருந்ததே அதுக்குத் தெரியாது. ஏன் தூக்கினேன்னு என்னையே அடிக்கும்.”

அப்போதுதான் ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாத குரல், அதனால் எல்லோரும் யார் என்று தேடினார்கள். லென்ஸ் தேய்க்கும் கணவர் எழுந்து நின்றிருந்தார்.

“எனக்கு ஒரு சந்தேகம்மா. அந்தப் பிள்ளைங்கள நீ காப்பாத்தினதா சேத்துக்குவியா, மாட்டியா?”

“இது என்னங்க கேள்வி? சேக்காம? அத்தனையும் ரெஜிஸ்டர்ல ஏத்தியிருக்கேன். பத்தொம்பது பிள்ளைங்க.”

“என்னைக்குக் காப்பாத்தினேன்னு அந்தப் பிள்ளைங்ககிட்ட கேட்டா, தேதி சொல்லுமா?”

“அதுக்கு எப்படிங்க தெரியும்? அது விளையாடிக்கிட்டு இருந்துச்சு. தேதி எழுதுறது நான்தானே.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது விசிலக்காவுக்கே கேட்டது. பிளாஸ்க்கிலிருந்து தேநீர் டாக்டரின் கோப்பையை நிரப்பி, தட்டை நிரப்பி, மேசையில் வழிந்தது. டாக்டர் கோப்பையை நகர்த்தவில்லை. தபால்காரர்தான் மெல்ல எழுந்து பிளாஸ்க்கை வாங்கி நிமிர்த்தி வைத்தார். கூடத்தில் எல்லோருக்கும் விசிலக்காவின் முப்பது வருடக் கதை தெரியும். கணவர் காது சிவக்க உட்கார்ந்துகொண்டார். இருபத்திரண்டு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததை ஒருவழியாகக் கேட்டுவிட்டார்.

“டீ சிந்திப் போச்சு, துணி எடுத்துட்டு வர்றேன்” என்று விசிலக்கா உள்ளே போனார். மேசை துடைக்கும் துணி எடுக்க அன்றைக்குக் கால் மணி நேரம் ஆனது.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் அம்மாவின் தோளில் இடித்தாள். “பத்தொம்பது பேர்ல நானும் உண்டாம்மா?”

“நீ ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் என்னைக் கடிச்ச.”

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. போதகர் புதிதாக வருகிறவர்களை எழுந்திருக்கச் சொன்னார். மகள் எழுந்தாள். பக்கத்தில் விசிலக்காவும் எழுந்தார். பழக்கதோஷத்தில் கை கழுத்துக்குப் போய் விசிலைத் தேடியது. நல்லவேளையாக அதை மகள் காலையிலேயே கழற்றி வீட்டில் வைத்துவிட்டிருந்தாள்.

“எனக்குத் தேதி தெரியாதுங்க” என்றார் விசிலக்கா. “எழுதி வச்சவருக்குத் தெரியும்.”

“எனக்கும் அதேதான்” என்றாள் மகள்.

தபால்காரர் டாக்டரின் விலாவில் இடித்தார். டாக்டர், “அவங்களா எழுந்து நின்னாங்களே, கவனிச்சீங்களா?” என்று காதில் கிசுகிசுத்தார். புதன்கிழமைக்கு வேண்டிய சரக்கு கிடைத்த திருப்தியில் இருவரும் முன்னால் பார்த்து உட்கார்ந்தார்கள்.

மூன்று பேரும் ஒன்றாக முன்னால் போய், ஒன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கணவர் வழக்கம்போல ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அம்மா, நீயும் அழறியா?” மகள் குனிந்து பார்த்தாள்.

“குளோரின்” என்றார் விசிலக்கா.

ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு விடுமுறை என்பது அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும்.