இடது பக்கம் திரும்பினால் வரும் சத்தம்

எங்கள் முதல் பிள்ளையை பஸ்ஸுக்குக் காத்திருந்தே பறிகொடுத்தோம். பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டது என் காதிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் அந்த எழுபதுகளில், மரக்காணத்தில், ஒரு பழைய டாக்சியை வாங்கி வாசலில் நிறுத்தினேன். பிழைப்புக்கு என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். பிழைப்பாவது மண்ணாவது! அடுத்த தடவை என் பெண்டாட்டிக்கு வலி கண்டால் ஒருத்தனுக்கும் காத்து நிற்காமல் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்கு மறுபடி ஒன்பதாம் மாதம் நடக்கும்போது அந்தக் கார் சத்தம் போட ஆரம்பித்தது. நேராக ஓடும்போது ஒன்றுமில்லை. இடது பக்கம் திருப்பினால் மட்டும் காலடியில் 'கிறீச்' என்று இழுத்து, கடைசியில் 'டொக்' என்று ஒரு அடி. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அவள்தான் முதலில் கேட்டாள்.

கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "உப்புக் காத்துப்பா. இங்க எந்த இரும்பு அழாம இருக்குது?"

அது பொய்யில்லை. உப்பளத்து பம்பு, கிணற்று ராட்டினம், சைக்கிள், வீட்டு கேட், எல்லாமே எங்கள் ஊரில் கத்தும். கத்தினால் மெஷினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைக் கொஞ்சம் ஊற்றுவோம், வாயை மூடிக்கொள்ளும். ஊர் பழக்கம் அது. ஆனால் அந்தக் காரில் பெண்டாட்டியை ஏற்றப் போகிறவன் நான். எனக்கு மனசு ஆறவில்லை.

வீல் நட்டுகளை முறுக்கிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தன. பேரிங் போயிருந்தால் நேராக ஓடும்போதும் உறுமும், அதுவும் இல்லை. நான் இப்படி மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. பெருமுக்கல் வரைக்கும் ஒரு சவாரி போய் வந்தேன். அத்தனை வளைவிலும் கார் மூச்சு விடவில்லை. எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. ஒரு ரிப்பேரும் செய்யாமல் எப்படி நிற்கும்?

மறுநாள் காலையில் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இடது முன் சக்கரத்துக்கு உள்பக்கம் கறுப்பு ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. உடனே புரிந்துவிட்டது. என் மச்சான், அவளுடைய தம்பி, உப்பளத்தில் பம்பு மெஷின் பார்க்கிறவன். எங்களோடுதான் இருந்தான்.

"டேய், நீயா ஊத்தின?"

"ஆமா மாமா. அக்கா அந்தச் சத்தத்துக்கு பயந்துக்கிச்சு. தினம் கொஞ்சம் ஊத்திட்டுத்தான் வேலைக்குப் போறேன். இப்ப வரல இல்ல?" என்று சிரித்தான்.

"அடப்பாவி! சத்தம் போயிட்டா கோளாறு போயிடுமா? வலிக்குதுன்னு கத்தறவன் வாயில துணிய அடைச்சிட்டு, குணமாயிட்டான்னு சொல்றியே!"

இன்னும் என்னென்னவோ திட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடுவில் வந்து நின்றாள். "எனக்காகத்தானே செஞ்சான், விடுங்க. உங்க காருக்கு இருக்கிற மரியாதையில பாதி எங்க வீட்டு ஆளுங்களுக்கு இல்ல" என்றாள். அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜாக்கி போட்டு சக்கரத்தைத் தூக்கினேன். மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால் அது ஆடக் கூடாத ஆட்டம் ஆடியது. கதவுக்குக் கீல் மாதிரி, முன் சக்கரம் திரும்புவதற்குக் கிங்பின் என்று ஒன்று உண்டு. காரின் பாரத்தையும் அதுதான் தாங்கும். அதைக் கழற்றிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் உப்பும் மண்ணும் ஆயிலும் சேர்ந்து அரைத்து, அதைப் பிடித்து நிறுத்தும் திருகு மரை முக்கால்வாசி போயிருந்தது. வளைவில் அது கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கும். மச்சானிடம் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. புதுசு வாங்கிவர பாண்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

பஸ் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க" என்றாள். பனிக்குடம் உடைந்துவிட்டிருந்தது.

கார் ஜாக்கியில் நின்றது, ஒரு சக்கரம் தரையில் கிடந்தது. ஊரில் இருந்த இன்னொரு டாக்சி மெட்ராஸ் போயிருந்தது. அடுத்த பாண்டி பஸ் சாயங்காலம்தான். பழைய பின்னையே மாட்டிவிடலாமா என்று என் கை அதை எடுத்துவிட்டது. மாட்டியிருக்க முடியும். தேய்ந்த மரையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், கீழே போட்டுவிட்டு உப்பளத்துக்கு ஓடினேன்.

அங்கே திண்டிவனம் போக வேண்டிய ஒரு லாரி மூட்டை ஏற்றி நின்றது. விஷயத்தைச் சொன்னதும் டிரைவர், "ஏறுப்பா, வீட்டுல அவங்களையும் ஏத்திக்கிட்டு பாண்டிக்கே திருப்பறேன்" என்றார். நல்ல மனுஷன். ஆனால் முழு பாரம் உப்பு. அந்த ரோட்டில் லாரி தவழ்ந்தது. அவள் என் சட்டையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு, "இன்னும் எவ்ளோ தூரம், இன்னும் எவ்ளோ தூரம்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். குயிலாப்பாளையம் பக்கம் வந்தபோது கேட்பதையும் நிறுத்திவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

பெண் குழந்தை. அழவே இல்லை. இந்தத் தடவை டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்துத்தான் புதுப் பின்னை மாட்டினேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பழசு, பாண்டி வரைக்கும் தாங்கியிருக்குமா?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "தெரியலம்மா. தாங்கினாலும் தாங்கியிருக்கும்" என்றேன்.

"தாங்கியிருக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழவில்லை.